பெரம்பலூர், அரியலூர்: வெளியூரார் வளர்த்த சாப்பாட்டுக் கடைகள்

பெரம்பலூரிலும் அரியலூரிலும் காசு கொடுத்துச் சாப்பிடும் கடைகள் உள்ளூர்க்காரரின் பசியை நம்பித் தொடங்கியவை என்று சொல்ல முடியாது. சாலை, இரயில், நீதிமன்றம், சுண்ணாம்புக்கல், கல்லூரி என ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை அழைத்துவந்த வெளியூராரை நம்பியே அவை அடுப்பு மூட்டின. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடகிழக்கு மூலையான இவ்வட்டாரத்தின் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. வரகும் சோளமும் கம்பும் பருத்தியும் விளைந்த இம்மண்ணில் வீட்டுக்கு வீடு உலை கொதித்தது, காட்டு வேலைக்குக் கூழ் தூக்குவாளியில் போயிற்று. சந்தைக்கோ வழக்குக்கோ பத்திரப் பதிவுக்கோ ஊருக்கு வந்த நாளில்தான் ஒரு குடியானவர் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கக் கூடும். அதையும் அவர் ஆடம்பரமாகவே எண்ணியிருப்பார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிலைமைக்கு உ. வே. சாமிநாதையரின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ நல்ல சான்று. 1855இல் பிறந்த, உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட அவர் இளமையில் பல ஆண்டுகளை இவ்வட்டாரத்தில்தான் கழித்தார். அரியலூரில் சடகோபையங்காரிடமும் குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் பாடம் கேட்டார். இசையோடு இராமகதை சொல்லிக் குடும்பம் நடத்திய அவருடைய தந்தை, மகனுக்கு நல்ல ஆசிரியர் கிடைக்கும் ஊரை நாடி வீட்டையே பெயர்த்துக்கொண்டு போனார். அந்தந்த ஊர் அன்பர்கள் தங்க இடமும் தானியமும் தந்து தாங்கினர். படிப்புக்காக ஒருவன் ஊர்விட்டு ஊர் போனால் அடுப்பும் கூடவே போயிற்று, இல்லையென்றால் ஆதரித்தவர் வீட்டு அடுப்பு அவனுக்கும் சேர்த்து எரிந்தது. இன்று இதே செங்கணத்துக்கு அருகிலுள்ள பெரம்பலூரில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் காசு கொடுத்துச் சாப்பிடுவதை எண்ணும்போது, இடைப்பட்ட ஒன்றரை நூற்றாண்டில் சோறு எவ்வளவு தூரம் சரக்காக மாறியிருக்கிறது என்பது விளங்கும்.

வழிப்போக்கருக்கு அக்காலத்தில் சத்திரங்கள் இருந்தன. சத்திரம் என்பது அரசரோ செல்வரோ கட்டி, செலவுக்கு நிலமும் எழுதிவைத்த தரும நிலையம். பல சத்திரங்களில் சமைத்த சோறு பிராமணருக்கே கிடைத்தது. மற்றவர்கள் திண்ணையில் தங்கித் தாமே பொங்கித் தின்றனர், அல்லது கட்டுச்சோற்றை அவிழ்த்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்து, பழைய சோற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது பற்றி ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அக்காப்பியையும் இட்லி, தோசை முதலிய சிற்றுண்டியையும் விற்ற கடைகளே ‘காப்பி கிளப்’ எனப்பட்டவை. 1920களின் இறுதியில் விழுப்புரத்தையும் திருச்சிராப்பள்ளியையும் விருத்தாசலம் வழியாக இணைத்த ‘கார்டு லைன்’ எனப்படும் குறுக்குப் பாதை அரியலூர் வழியே சென்றது. பெரம்பலூருக்கோ இன்றுவரை இரயில் இல்லை. எனவே அரியலூரில் சாப்பாட்டு வணிகத்துக்கு நிலையமும், பெரம்பலூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் வாசலாயின. இந்த வேறுபாடு இரு ஊர்க் கடைகளின் போக்கிலும் நெடுங்காலம் தெரிந்தது: ஒன்றில் வண்டி வரும் நேரத்துக்கு இலை விழுந்தது, மற்றதில் பேருந்து நிற்கும் நேரமெல்லாம் கல் சூடாக இருக்க வேண்டியிருந்தது.

காசு கொடுத்தவர் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார முடிந்ததா என்பது இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் ‘பிராமணாள்’, ‘இதராள்’ என்று, அதாவது பிராமணருக்கும் மற்றவருக்கும் எனத் தனித்தனியே இடம் ஒதுக்கும் வழக்கம் பெரியாரும் அவர் இயக்கத்தாரும் நடத்திய எதிர்ப்புக்குப் பிறகு 1941இல் கைவிடப்பட்டது. ஓட்டல் பெயர்ப்பலகைகளிலிருந்து ‘பிராமணாள்’ என்பதை நீக்கக் கோரி 1957இல் திராவிடர் கழகம் சென்னையில் மறியல் நடத்தியது. பலகை அழிந்ததோடு சிக்கல் தீரவில்லை. கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதி காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும் தமிழகச் சிற்றூர்த் தேநீர்க் கடைகள் பலவற்றில் தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைக்கும் ‘இரட்டைக் குவளை’ முறை பல பத்தாண்டுகள் நீடித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் நூற்றுக்கு 31 பேர் பட்டியல் சாதியினர். எனவே இங்கே கடை பெஞ்சு என்பது வெறும் மரச்சாமான் ஆகாது. முகம் தெரியாதவர்கள் கூடும் பேருந்து நிலைய ஓட்டல் ஊர்த் தேநீர்க் கடையைவிடச் சமத்துவமாக இருந்ததென்றால், அதற்குக் கடைக்காரரின் பெருந்தன்மையைவிட யார் யாரென்று தெரியாத கூட்டமே பெரிய காரணம்.

புலால் உணவு விற்ற கடைகள் ‘மிலிட்டரி ஓட்டல்’ என்ற பெயரோடு பரவின. மதுரை மாவட்டம் வடக்கம்பட்டியைச் சேர்ந்த சுப்பா நாயுடு 1937இல் காரைக்குடியில் தொடங்கிய முனியாண்டி விலாஸ் அவ்வகையில் முன்னோடி. அவ்வூராரும் உறவினரும் குலதெய்வத்தின் பெயரிலேயே தமிழ்நாடெங்கும் கடை வைத்தனர். பரோட்டாவின் வரவுக்கு 1950களிலும் 60களிலும் நிலவிய அரிசித் தட்டுப்பாடும், அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கோதுமையும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. மைதா மாவை உப்பும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, ஈரத்துணி போர்த்தி ஊறவைத்து, உருண்டை பிடித்து, எண்ணெய் தடவிய மேசைமேல் காகிதம்போல் மெலியும்வரை வீசி, சுருட்டி, தட்டிக் கல்லில் போடுவார் மாஸ்டர். வெந்தவற்றை நாலைந்தாக அடுக்கி இரு கைகளாலும் பக்கவாட்டில் அடித்தால் அடுக்குகள் பிரிந்து உதிரும். அதன்மேல் வாளியிலிருந்து கரண்டி கரண்டியாக ஊற்றப்படும் நீர்த்த மசாலாக் குழம்பே சால்னா. விலை குறைவு, வயிறு நிறையும், நள்ளிரவிலும் கிடைக்கும் என்ற மூன்று குணங்களும் லாரி ஓட்டுநருக்கென்றே வாய்த்தவை. அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புக்கல்லை நம்பித் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் ஆலை 1979இல் இயங்கத் தொடங்கியதும், பிறகு தனியார் ஆலைகள் பெருகியதும், இரவும் பகலும் ஓடும் லாரிகளையும் முறை மாறும் தொழிலாளரையும் இவ்வூருக்குக் கொண்டுவந்தன. பரோட்டாக் கல் ஆறாமல் இருந்தது அவர்களால்தான்.

இரயிலும் சாலையும் முதலிலும், ஆலைகள் அடுத்தும் வெளியூராரைக் கொண்டுவந்தபின், மூன்றாவது அலை ஆட்சியர் அலுவலகத்தோடும் கல்லூரியோடும் வந்தது. 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டம் பிரிக்கப்பட்டுப் பெரம்பலூர் மாவட்டத் தலைநகராயிற்று. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் பிரிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அரசு ஊழியரை நம்பிக் கடை போட்டவர்களுக்கு இந்த வரவும் போக்கும் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். கல்லூரியில் அரியலூரே மூத்தது: அங்கு அரசு கலைக் கல்லூரி 1960களிலேயே வந்துவிட்டது. ஆனால் கல்லூரி ஊர் என்ற முகம் பெரம்பலூருக்கே வாய்த்தது. 1980களின் நடுவில் தமிழக அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்ததன் விளைவு 1990களுக்குப் பின் இங்கு எட்டியது; தனலட்சுமி சீனிவாசன், ரோவர் ஆகிய கல்வி நிறுவனங்கள் பொறியியல், செவிலியம், ஆசிரியப் பயிற்சி எனக் கிளைவிட, 2011இல் ஐம்பதாயிரத்துக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த ஒரு நகரில் பிற மாவட்ட இளைஞர் பெருங்கூட்டமாக வந்து தங்கினர்.

இவர்களுக்காக வளர்ந்ததே ‘மெஸ்’. வீட்டின் முன்னறையில் நாலைந்து மேசை போட்டு, கணவர் கல்லாவிலும் மனைவி அடுப்படியிலும் நின்று நடத்தும் இச்சிறு கடையில், மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டிய மாணவருக்கு ஓர் அட்டை தரப்படும். வேளைக்கொரு கட்டம் அடிக்கப்படும், ஊருக்குப் போவதை முதல்நாளே சொல்லிவிட்டால் அவ்வேளைகள் கழிக்கப்படாமல் அடுத்த மாதத்துக்குப் போகும். சோறு, சாம்பார், இரசம், மோர், ஒரு கூட்டு அல்லது பொரியல் என்ற வரிசை மாறாது. செவ்வாயன்று என்ன காய் என்பதை மாணவர்கள் திங்களன்றே சொல்லிவிடுவார்கள். சோற்றுக்கு அளவு இல்லாத ‘முழுச் சாப்பாடு’ விடலைப் பருவத்தாரிடம் நட்டத்தையே தரும் என்பதால், கெட்டியான சாம்பார் முதலில் வருவதும் சோறு சற்று மெதுவாக வருவதும் தொழில் நுணுக்கங்கள். ஓட்டலுக்கு வாடிக்கையாளர் வருவார் போவார். மெஸ்ஸுக்கோ கல்லூரி நாட்காட்டியே பஞ்சாங்கம். தேர்வு முடிந்து மே மாதம் வந்தால் அடுப்பு பாதி அணையும், சமையல்காரர் கலியாண வேலைக்குப் போவார், ஜூலையில் புதிய முதலாண்டு மாணவர் வரும்வரை பழைய பாக்கியை வசூலிப்பதே வேலை.

மாணவிகளின் கதை வேறு. மகளிர் விடுதிகள் உள்ளேயே உணவு தந்து, மாலைக்குள் கதவையும் அடைத்துவிடுவதால், மெஸ்ஸும் பரோட்டாக் கடையும் நெடுநாள் ஆண்களின் இடங்களாகவே இருந்தன. ஓட்டல்களில் ‘குடும்ப அறை’ என்று பலகையிட்ட தடுப்புக்குள் துணையோடு வந்தால்தான் பெண்கள் அமர்ந்தனர். கூச்சமின்றி அவர்கள் தனியே நுழைந்த முதற்கடைகள் பேக்கரியும் பழச்சாற்றுக் கடையுமே எனலாம். உணவக வரலாற்றை எழுதுவோர் இட்லிக்கும் பிரியாணிக்கும் தரும் இடத்தில் பாதியையாவது முட்டை பப்ஸுக்குத் தரவேண்டும்.

நான்குவழிச் சாலை பெரம்பலூரைப் புறவழியில் ஒதுக்கியபின் நெடுந்தூரப் பயணியர் ஊருக்கு வெளியே உள்ள பயணவழி உணவகங்களுக்கே போய்விட, பழைய பேருந்து நிலையத்தையும் நகரின் பாலக்கரைப் பகுதியையும் சுற்றிய கடைகள் முன்னிலும் மிகுதியாக மாணவரையும் மருத்துவமனைக்கு வருவோரையும் சார்ந்தன. ஆம்பூர்ப் பாணிப் பிரியாணியும் வாணலியில் கிளறும் ‘பாஸ்ட் புட்’ நூடுல்ஸும் அப்போது பெருகின. 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதும் அவ்வூரும் இதே பாதையில் நடக்கத் தொடங்கியிருக்கிறது.

இவ்வளவு கடைகள் வந்தும், விற்கப்படும் பண்டம் அனைத்தும் வெளியிலிருந்தே வந்தது: சாம்பார் இட்லிக்குத் தஞ்சையும் உடுப்பியும், பரோட்டாவுக்குத் தெற்கு, பிரியாணிக்கு வடஆற்காடு. இவ்வட்டாரத்தின் வரகுச் சோறும் சோளக் களியும் வீட்டுக்கு வெளியே விலைபோகாத ஏழைச் சோறாகவே ஒதுங்கின, ஐ.நா. அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த காலத்தில்தான் அவை ‘சிறுதானிய உணவு’ என்ற புதுப் பெயரோடும் கூடுதல் விலையோடும் கடைப் பலகைகளில் தலைகாட்டின. தமிழ்நாட்டில் சின்ன வெங்காய விளைச்சலில் முன்னிற்கும் பெரம்பலூர் மாவட்டத்தில், செட்டிகுளம் பக்கம் பட்டறை போட்டுச் சேமிக்கப்படும் அவ்வெங்காயமும் ஓட்டல்களில் சாம்பாரோடு நின்றுவிடுகிறது. உரிக்க ஆள் கூலி கட்டுபடியாகாததால் ஆம்லெட்டுக்கும் கொத்துப் பரோட்டாவுக்கும் நறுக்கப்படுவது பெரும்பாலும் வெளியூரிலிருந்து மூட்டையில் வரும் பல்லாரி எனும் பெரிய வெங்காயம்.