வாலை குளிர்ந்த வரலாறு

பள்ளிப் பாடநூலில் இதன் பெயர் ‘காய்ச்சி வடித்தல்’. சாராயத்தையும் ஊரில் ‘காய்ச்சுகிறார்கள்’. சித்த மருத்துவம் அகமருந்துகளை 32 வகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் ‘வாலை’ என்ற வடிகலத்தில் இறக்கும் மருந்துக்குத் ‘தீநீர்’ என்று பெயர். மூன்று சொல்லிலும் அடுப்புதான் முன்னே நிற்கிறது. லத்தீன்காரர்கள் இந்த வேலைக்குச் ‘சொட்டு’ என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்தார்கள். அரபு மொழியின் ‘தக்தீர்’ என்பதும் சொட்டச் செய்வதுதான். அதே மொழியில் சாராயத்துக்கு வந்த ‘அரக்’ என்ற பெயருக்கு வியர்வை என்று பொருள்; பானை மூடியின் உட்புறம் வியர்த்துச் சொட்டுவதைக் கவனித்தவர் வைத்த பெயராக இருக்க வேண்டும். அடுப்பைப் பார்த்து வைத்த பெயர் ஒன்று, மூடியைப் பார்த்து வைத்த பெயர் ஒன்று. வடித்தல் தொழிலின் இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றை நெருப்பை வைத்து எழுதினால் விறகு, கரி, நீராவி என்று மூன்று வரியில் முடிந்துவிடும். தொழில் வளர்ந்ததெல்லாம் குளிர்விக்கும் பக்கத்தில்தான் என்பது இக்கட்டுரையின் கருத்து.

காரணம் எளிது. ஒரு கிலோ தண்ணீரை 0 பாகை செல்சியஸிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 420 கிலோஜூல் வெப்பம் போதும். கொதிக்கும் அந்தத் தண்ணீரை முழுக்க ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். ஆவி மீண்டும் நீராகும்போது அத்தனையையும் திருப்பிக் கொடுக்கும். வாங்கிக்கொள்ள எதுவும் இல்லையென்றால் ஆவி ஆவியாகவே போய்விடும். அடுப்பு மூட்ட யாருக்கும் தெரியும். இவ்வளவு வெப்பத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதுதான் சிக்கல்.

இன்னொரு தப்பெண்ணத்தையும் தீர்த்துவிடலாம். சாராயம் 78 பாகையில் கொதிக்கும், தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும், ஆகவே முதலில் சாராயம் மட்டும் வெளியேறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கலவை அப்படிப் பிரிவதில்லை. எடையில் பத்து விழுக்காடு சாராயம் உள்ள ஊறலைக் கொதிக்கவிட்டால் முதலில் எழும் ஆவியில் பாதியளவு சாராயம், மீதி தண்ணீர். அதைக் குளிர்வித்து மறுபடி காய்ச்சினால் இன்னும் தேறும். எத்தனை முறை காய்ச்சினாலும் எடையில் 95.6 விழுக்காட்டோடு நின்றுவிடும். அந்த அளவில் ஆவியும் திரவமும் ஒரே கலவையாகிவிடுகின்றன.

கடல்நீர் ஆவியானால் நன்னீராகிறது என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் குறித்திருக்கிறார். கருவி என்று சொல்லத்தக்க ஒன்றை எகிப்தின் கிரேக்க ரசவாதிகளிடம்தான் பார்க்கிறோம். கி.பி. 300ஐ ஒட்டி வாழ்ந்த பனோபோலிஸ் நகரத்து சோசிமோஸ், தமக்கு முந்திய மரியா என்ற யூதப் பெண்மணியின் மூன்று குழாய் வாலையை விவரிக்கிறார். அவர் தரும் செய்முறையில் தொழில் தெரிந்த கை தெரிகிறது: செம்புத் தகடு பலகாரக்காரரின் வாணலியைவிடச் சற்றுத் தடிமனாக இருக்கட்டும், இணைப்புகளை மாவுப் பசையால் அடையுங்கள் என்கிறார். நம் வைத்தியர்கள் துணியில் மண் பூசிச் ‘சீலைமண்’ செய்வது இதே வேலைக்குத்தான். ஆனால் அந்த வாலையில் ஆவியைக் குளிர்வித்தது பெரும்பாலும் சுற்றியிருந்த காற்று. ‘அம்பிக்ஸ்’ என்ற கிரேக்கக் கிண்ணம் அரபியில் ‘அல்-அன்பீக்’ ஆனது. 9ஆம் நூற்றாண்டில் அல்-கிந்தியின் பெயரால் வழங்கும் நறுமண நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. பன்னீர் இறக்க அந்தக் கருவி போதும். எளிதில் ஆவியாகும் சாராயத்தை வீணாகாமல் பிடிக்க அது போதாது.

இந்தியத் துணைக்கண்டம் வேறொரு வழி கண்டிருக்கலாம். தட்சசீலத்துச் சிர்காப்பில் கிடைத்த மண்கலங்களைச் சேர்த்துப் பொருத்தி ஒரு வாலையின் வடிவத்தைத் தொல்லியலாளர் ஜான் மார்ஷல் 1951இல் வெளியிட்டார். சார்சத்தா அருகே ஷைகான் தேரியில் 1963-64இல் அகமது ஹசன் தானி அகழ்ந்தபோது, ஆவி வந்து சேரும் கலங்கள் என்று கருதத்தக்கவை பெரும் எண்ணிக்கையில் கிடைத்தன. கிறிஸ்து பிறப்பையொட்டிய நூற்றாண்டுகளின் கலங்கள் அவை. இவற்றை வைத்து எஃப். ஆர். ஆல்சின் 1979இல், வடித்தலின் தாயகம் இந்தியாவா என்று கேட்டு எழுதினார். தலைப்பிலேயே அவர் கேள்விக்குறி போட்டிருந்தார். மேற்கோள் காட்டுபவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். உறுப்புகளைப் பொருத்தியது ஆய்வாளர் கை என்பதை நினைவில் வைத்தே பேச வேண்டும். என் கண்ணில் படுவது அந்த அமைப்பின் தருக்கம்: மூடியை விட்டுவிட்டு, ஆவி சேரும் கலத்தையே தண்ணீரில் அமிழ்த்திவிடுவது. கன்னோசியில் அத்தர் இறக்குபவர்கள் இன்றும் இதைத்தான் செய்கிறார்கள். செம்பு ‘தேக்’கிலிருந்து மூங்கில் குழாய் வழியே வரும் ஆவி, தொட்டித் தண்ணீரில் கிடக்கும் ‘பப்கா’வுக்குள் போகிறது.

நம் ஊர்ப்புறத்து அடுக்குப் பானை வாலை மூன்றாவது வழி. அடியில் ஊறல் பானை. அதன்மேல் அடிப்புறம் துளையிட்ட பானை. உச்சியில் குளிர்ந்த தண்ணீர் நிறைந்த சட்டி. சட்டியின் அடியில் வியர்ப்பது உள்ளே பொருத்திய தட்டில் சொட்டி, ஒரு குழல் வழியே வெளியே வருகிறது. காய்ச்சுபவர் அடுப்பை அடிக்கடி பார்ப்பதில்லை. உச்சிச் சட்டியில் விரலை விட்டுப் பார்க்கிறார். வெதுவெதுப்பு கூடியதும் தண்ணீரை மாற்றுகிறார். எத்தனை சட்டித் தண்ணீர் மாற்றினார் என்பதே கணக்கு. சீன வாலையும் தலையில் தண்ணீர்ச் சட்டி வைத்ததுதான் என்று ஜோசப் நீதாம் தம் பெருநூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

ஐரோப்பாவில் சாராயம் 12ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாகத் தலைகாட்டுகிறது. அக்காலச் சுவடி ஒன்று செய்முறையின் முக்கியச் சொற்களைச் சங்கேத எழுத்தில் மறைத்து வைத்திருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் பொலோனா நகர மருத்துவர் தத்தேயோ அல்தெரோத்தி (இறப்பு 1295), பாம்புபோல் வளைந்த குழாயைத் தண்ணீர்த் தொட்டிக்குள் செலுத்தி, தொட்டித் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கச் சொன்னார். என் மதிப்பில் இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் இதுதான். குளிர்விப்பு கொதிகலத்தை விட்டு முழுக்க விலகித் தனி உறுப்பானது. வேண்டிய அளவு குளிர் கிடைத்ததும் மருந்துக்கடைச் சரக்காக இருந்த சாராயம் சந்தைச் சரக்கானது.

கொட்டிய வெப்பம் எவ்வளவு என்று நெடுங்காலம் யாரும் அளந்து பார்க்கவில்லை. 1764இல் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக்கும் அவர் மாணவர் வில்லியம் இர்வினும் ஒரு சிறு வாலையின் குளிர்நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று கணக்கிட்டார்கள். உள்ளுறை வெப்பம் அளவுக்குள் வந்தது அந்தத் தொட்டித் தண்ணீரில்தான். 1771இல் வைகல் என்ற ஜெர்மானியர் ஆவிக்கு எதிர்த்திசையில் நீரோடும் உறையை அமைத்தார். பரப்பியவர் வேதியியலாளர் லீபிக் என்பதால் பெயர் லீபிக்குக்குப் போய்விட்டது.

அளந்த பிறகு, கொட்டுவது வீண் என்று புரிந்தது. அயர்லாந்தின் ஈனியஸ் காஃபி கலால் துறை அதிகாரி. 1810இல் டோனிகாலில் கள்ளச்சாராயம் பிடிக்கப் போய்க் கும்பலிடம் படுகாயம் பட்டவர். வேலையை விட்ட பிறகு அவரே வாலை செய்து 1830இல் காப்புரிமை பெற்றார். இரண்டு கோபுரங்கள். உள்ளே வரும் குளிர்ந்த ஊறல் முதலில் இரண்டாம் கோபுரத்தின் குழாய்களில் ஓடி ஆவியைக் குளிர்விக்கிறது. அதே வேகத்தில் தானும் சூடேறி முதல் கோபுரத்தின் உச்சியிலிருந்து இறங்குகிறது. குளிர்நீர் பார்த்த வேலையைக் கச்சாப்பொருளே பார்த்துவிடுகிறது. கோபுரத்தின் ஒவ்வொரு தட்டிலும் ஒருமுறை குளிர்ந்து ஒருமுறை கொதிப்பதால் மறுகாய்ச்சலும் தேவையில்லை. சென்னை மணலியின் சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயைப் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று பிரிக்கும் கோபுரமும் இந்தக் குடும்பம்தான். அங்கேயும் வெளியேறும் சூடான எண்ணெய் உள்ளே வரும் கச்சா எண்ணெயைச் சூடாக்கிவிட்டே போகிறது.

மருத்துவமனை ஆக்சிஜன் இன்னும் விசித்திரம். 1902இல் கார்ல் வான் லிண்டே திரவக் காற்றைக் கோபுரத்தில் வடித்துப் பிரித்துக் காட்டினார். நைட்ரஜன் கொதிப்பது மைனஸ் 196 பாகையில், ஆக்சிஜன் மைனஸ் 183இல். அந்த வாலைக்கு நாம் உட்கார்ந்திருக்கும் அறையே உலை.

சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2005இல் லட்சத்தீவின் கவரத்தியில் நிறுவிய நிலையம் நாளுக்கு 1 லட்சம் லிட்டர் குடிநீர் தருகிறது. அங்கே கடல்நீரைக் காய்ச்சுவதில்லை. ஏறத்தாழ 28 பாகை வெப்பமுள்ள மேல்மட்டக் கடல்நீரைக் காற்றழுத்தம் குறைத்த அறைக்குள் விட்டால் அது அப்படியே கொதிக்கிறது. சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாய் வழியே ஏறிவரும் 12 பாகைத் தண்ணீர் அந்த ஆவியைக் குளிர்வித்து இறக்குகிறது. ஆவியாகத் தேவையான வெப்பத்தைக் கடல்நீரே தன்னிடமிருந்து கொடுத்துச் சில பாகை குளிர்வதால், உள்ளே போகும் நூறு லிட்டரில் ஒரு லிட்டர்தான் நன்னீராகத் தேறும். மீதி கடலுக்கே திரும்புகிறது. இவ்வளவு தண்ணீரை இறைக்கவும் அறையின் காற்றை உறிஞ்சவும் மின்சாரம் வேண்டும். தீவில் மின்சாரத்துக்கு நெடுங்காலம் டீசல் எந்திரங்களே ஆதாரம். வாலையின் அடியில் இருந்த தீ எந்திரக் கொட்டகைக்கு இடம் மாறியிருந்தது.