மூன்றாம் நாட்டுக்கு அனுப்பலாமா?

ரப்பர் விலை சரிந்த 1930ஆம் ஆண்டு தொடங்கி நம் தோட்டங்களிலிருந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கொடுமைதான், ஆனாலும் பலர் போய் இறங்கியது சொந்த மண்ணில். ஒட்டுறவே இல்லாத வேறொரு நாட்டுக்கு ஒருவரை அனுப்பினால்?

2011 ஜூலை 25ஆம் நாள் கோலாலம்பூரில் அப்படியோர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நம் தரப்பில் ஒப்பமிட்டவர் அன்றைய உள்துறை அமைச்சர் ஹிஷாமுடின் உசேன். நம் ஜொகூர் செம்புரோங் தொகுதி உறுப்பினர். படகில் வந்து ஆஸ்திரேலியாவிடம் அடைக்கலம் கேட்போரில் 800 பேரை மலேசியா ஏற்கும்; இங்குள்ள அகதிகளில் 4,000 பேரை ஆஸ்திரேலியா எடுத்துக்கொள்ளும். ஒருவருக்கு ஐவர் கணக்கு!

வழக்குத் தொடுத்த இருவருள் ஒருவன் துணைக்கு யாருமற்ற ஆப்கானியச் சிறுவன். ஆகஸ்டு 31, நம் சுதந்திர தினத்தன்றே, ஆஸ்திரேலியாவின் மிக உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏழு நீதிபதிகளில் அறுவர் அனுப்பக்கூடாது என்றனர். ஏன்? 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை. நம் குடிநுழைவுச் சட்டம் அகதியைத் தனியே பிரித்துப் பார்ப்பதில்லை; அனுமதியின்றி நுழைந்தவருக்குச் சிறையுண்டு, பிரம்படியும் உண்டு. அந்த 800 பேரையும் நல்லபடி நடத்துவோம் என்று மலேசியா வாக்களித்துத்தான் இருந்தது. ஆனால் சட்டம் கட்டுப்படுத்தாத வாக்கு, அடைக்கலம் கேட்டு வந்தவனுக்குக் காப்பாகுமா? போதாது என்றே நீதிமன்றம் கண்டது.

800 பேரில் ஒருவரும் இங்கு அனுப்பப்படவில்லை.