சவ்வாது மலையும் நிலத்தடித் தீயும்

சவ்வாது மலையூர்களின் மரத்தடி மேடைகளிலும் சிறு பிள்ளையார் கோயில்களிலும் கைக்கு அடங்கும் கருங்கற்கள் சில மஞ்சளும் குங்குமமும் பெற்று வழிபாட்டில் இருக்கின்றன. ஒரு முனை குறுகி, மறுமுனை அகன்று கூராகத் தேய்க்கப்பட்ட அவை, புதிய கற்கால மாந்தர் காடு திருத்தவும் மரம் பிளக்கவும் கையாண்ட கோடரிகள். காம்பு மட்கிப் போயிற்று; கல் கடவுளாயிற்று. இத்தகைய கல் எவ்வாறு பிறந்தது என்று வினவினால், விடை நிலத்தடித் தீயில் போய் முடிகிறது.

தீ என்றவுடன் எரிமலை நினைவுக்கு வருதல் இயல்பே. இம்மலைக்குத் தெற்கே அண்மையில் நிற்கும் அண்ணாமலையைத் தீப்பிழம்பாகக் காண்பது புராண மரபு. அதனைத் துணைகொண்டு அண்ணாமலையும் அதனைச் சூழ்ந்த மலைகளும் அணைந்த எரிமலைகளே என்று உரைப்பார் உளர். புராணம் பேசும் தீ வேறு, நிலநூல் காட்டும் தீ வேறு. சவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு. சார்னோகைட், நைஸ் எனப்படும் அதன் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருப்பெற்றவை. பக்கத்து ஏலகிரியும், திருப்பத்தூரை அடுத்த சேவத்தூரின் கார்பனடைட் பாறையும் 75 முதல் 80 கோடி ஆண்டுகளுக்கு முன் கீழிருந்து எழுந்த பாறைக்குழம்பு உறைந்தவை. தக்காணத்தை எரிமலைக்குழம்பு மூடியது ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்; அக்குழம்பும் தமிழகத்தைத் தொடவில்லை. ஆக, இம்மலையில் மாந்தர் எவரும் எரிமலையைக் கண்டு அஞ்சி ஓடியதில்லை. இந்தியாவில் இன்று கனலும் ஒரே எரிமலை அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு; அங்கே குடியிருப்பாரும் இல்லை.

ஆயினும் தொலைவிலிருந்த ஓர் எரிமலை தென்னாட்டை எட்டியதுண்டு. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்திராவின் தோபா வெடித்தது. கடந்த இருபது இலட்சம் ஆண்டுகளில் நிகழ்ந்த வெடிப்புகளில் அதுவே மிகப் பெரியது என்பர். வங்கக் கடலைத் தாண்டி அதன் சாம்பல் இந்தியா முழுவதும் பொழிந்தது. மலைச்சரிவில் சாம்பல் நிலைப்பதில்லை. மழை அதனை அரித்துப் பள்ளத்தாக்குகளில் சேர்த்துவிடும். ஆந்திரத்தின் பழைய கர்நூல் மாவட்டத்து ஜ்வாலாபுரத்தில் அவ்வாறு சேர்ந்த சாம்பல் இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட தடிப்பில் கிடக்கிறது. சுடர் என்னும் பொருள் தரும் பெயர் அவ்வூருக்கு வாய்த்தது வியப்பான பொருத்தம். மைக்கேல் பெட்ராக்லியா, ரவி கோரிசெட்டர் முதலியோர் அங்கு அகழ்ந்து 2007இல் வெளியிட்ட முடிவு சிந்தனைக்குரியது. சாம்பலுக்குக் கீழும் மேலும் கிடைத்த கற்கருவிகள் ஒரே மரபினவாக இருந்தன. கருவி செய்தோர் எவ்வகை மாந்தர் என்பதில் அறிஞரிடையே வழக்கு உண்டு. சாம்பலுக்குப் பின் நடு இந்தியாவில் காடழிந்து புல்வெளி மிகுந்தது என மகரந்தச் சான்று காட்டி எதிருரைத்தோரும் உண்டு. எனினும் மத்தியப் பிரதேசத்துச் சோன் ஆற்றங்கரையில் தாபா என்னுமிடத்துச் சான்றுகள் 2020இல் வெளிவந்தபோது, அங்கும் கருவித் தொழில் அறுபடாது தொடர்ந்தமை தெரிந்தது. வானம் கருகியது, குடி கலையவில்லை.

தீ மனிதனை விரட்டிற்று என்று மட்டும் எழுதுவது பாதிக் கதை. எத்தியோப்பியாவின் பாலே மலையில், கடல்மட்டத்திற்கு 3,300 மீட்டருக்கும் மேலே, 40,000 ஆண்டுகளுக்கு முன்னரே மாந்தர் பாறைக்குகையில் தங்கினர். பனி உறையும் அவ்வுயரத்திற்கு அவர்களை ஈர்த்தவற்றுள் ஒன்று, எரிமலை தந்த கண்ணாடிக்கல்லான அப்சிடியன். தமிழகத்து மலைகளில் அக்கல் இல்லை. அதன் இடத்தை நிரப்பியது டோலரைட்.

பழைய பாறைகள் விரிசலுற்றபோது, அவ்விடுக்குகளில் ஏறிய குழம்பு மேலே வந்து வெடிக்காமல் உள்ளேயே உறைந்தது. திருவண்ணாமலை, தருமபுரிப் பகுதிகளில் சுவர் போல நீண்டோடும் அக்கரும்பாறைகள் நூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. வெடிக்காத எரிமலை என்று அவற்றைச் சொன்னாலும் தகும். ஒடுங்கிய இடத்தில் விரைந்து குளிர்ந்தமையால் மணிகள் நுண்ணியவாய் ஒன்றோடொன்று பின்னிக் கொண்டன. ஆகவே நைஸ் போல அடுக்கடுக்காகப் பிளவாது. சில்லு பெயர்த்து, கொத்தி, பாறையில் நீரிட்டுத் தேய்த்துக் கூராக்கினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். பெல்லாரியை அடுத்த சங்கனக்கல்லில், இவ்வகைப் பாறையோடும் குன்றின்மேல் கோடரிப் பட்டறையே நடந்தது.

திருப்பத்தூர் வட்டத்துப் பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1960களில் அகழ்ந்தபோது, குழி தோண்டி மேலே கூரை வேய்ந்து வாழ்ந்த புதிய கற்கால மக்களின் குடியிருப்பு வெளிப்பட்டது. கற்கோடரிகளோடு கொள்ளும் பயறும் கிடைத்தன. புன்செய் விதைக்கக் காடு வெட்ட வேண்டும். காடு வெட்டக் கோடரி வேண்டும். அடிவாரத்திலும் மலைமேலும் உழவு காலூன்றியதில் அத்தீக்கல்லுக்குப் பெரும் பங்குண்டு. இவர்களோடு உறவுடைய பெல்லாரிப் பகுதி ஆயர்கள் விட்டுச்சென்ற சாம்பல் மேடுகளைத் தொடக்கத்தில் எரிமலைச் சாம்பல் என மயங்கினோரும் இருந்தனர். அவை தொழுவத்துச் சாணத்தைக் குவித்து எரித்த மேடுகள் என்பது, 1957இல் ஆல்ச்சின் உட்னூரில் அகழ்ந்த பின் ஐயமற நிலைபெற்றது.

இரும்பு வந்தபின் கற்கோடரி கைநழுவியது. கீழ்செப்பிலியில் கற்பலகைகளை நிறுத்தி மூடிய கற்திட்டைகள் பிற்காலத்தார் எழுப்பியவை. பிந்தியோர் மண்ணில் கண்டெடுத்த கோடரியைத் தெய்வமெனப் போற்றியதனால்தான் அது சிதையாமல் நின்றது. மூலப்பாறைக்கு அக்காவல் வாய்க்கவில்லை. அதே டோலரைட் இன்று கறுப்பு கிரானைட் என்னும் பெயரில் வட தமிழகத்தில் வெட்டப்பட்டு, கல்லறைப் பலகைகளாகக் கப்பலேறுகிறது. ஒரு பாறை குவாரிக்குப் போகுமுன் அதில் பழங்காலத் தேய்ப்புக்குழிகள் உண்டா என்று பார்ப்பதற்கு ஒரு நாள் போதும். பார்க்காமல் வெட்டிய இடத்தில் பின்னர் எந்த அகழாய்வும் பயன்படாது.