இதயச் செயலிழப்பில் சிறுநீர்ப்பெருக்கி மருந்துகளின் பாதுகாப்பு

இதயம் போதிய அளவு இரத்தத்தை இறைக்க முடியாமல் தளரும்போது, உடல் உப்பையும் நீரையும் தேக்கிக்கொள்கிறது. கால் வீங்கும், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். இந்தத் தேக்கத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை சிறுநீர்ப்பெருக்கிகள். நோயாளிகளின் பேச்சில் 'நீர் மாத்திரை'. சிபிலிஸ் நோய்க்குத் தந்த பாதரச ஊசி சிறுநீரைப் பெருக்குவதை 1919-இல் வியன்னாவில் கவனித்த பிறகு, பல பத்தாண்டுகள் பாதரச ஊசியே முதன்மை மருந்தாக இருந்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய நச்சு அது. 1960களில் ஃபுரோசெமைடு என்ற சிறுநீர்ப்பெருக்கி வந்தபின் அந்த அபாயம் ஒழிந்தது, வேறு அபாயங்கள் வந்தன.

ஃபுரோசெமைடு, டோர்செமைடு ஆகியவை உப்போடு பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் வெளியேற்றிவிடும். பொட்டாசியம் மிகக் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். டிகாக்சின் என்ற இதய மருந்தும் சாப்பிடுபவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். யூரிக் அமிலம் ஏறிக் கால் பெருவிரல் மூட்டு சிவந்து வலிப்பதும் உண்டு. நீர் அளவுக்கு மீறி வெளியேறினால் எழுந்து நிற்கையில் தலை சுற்றும், முதியவர்கள் விழுவார்கள். அதிக அளவு மருந்தைச் சிரை வழி ஊசியாக வேகமாகச் செலுத்தினால் காதில் இரைச்சலும் செவித்திறன் இழப்பும் நேரலாம். அதனால் அத்தகைய அளவுகளை நிமிடத்துக்கு 4 மில்லிகிராமுக்கு மேற்படாத வேகத்தில் ஏற்றுகிறார்கள்.

சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் இரத்த அளவான கிரியாட்டினின் சற்று ஏறியதுமே மாத்திரையை நிறுத்திவிடுவது பரவலான வழக்கம். பெரும்பாலும் அது தேவையற்ற அச்சம். தேக்கம் வடிந்துகொண்டிருக்கையில் வரும் சிறிய ஏற்றம் பொதுவாகத் தானே சரியாகிவிடுகிறது. நீர் தேங்கியபடியே விடுவதுதான் சிறுநீரகத்துக்கும் கேடு. 2011-இல் வெளியான, 308 பேரைக் கொண்ட 'டோஸ்' ஆய்வில், அதிக அளவு மருந்து பெற்றவர்களிடம் கிரியாட்டினின் கூடுதலாக ஏறியது. ஆனால் 60 நாள் கழித்துப் பார்த்தபோது அவர்களுக்கும் குறைந்த அளவு பெற்றவர்களுக்கும் சிறுநீரகச் செயல்பாட்டில் வேறுபாடு காணப்படவில்லை.

பொட்டாசியத்தைப் பொறுத்தவரை, ஸ்பைரோனோலாக்டோன் என்ற மற்றொரு சிறுநீர்ப்பெருக்கியின் கதை நேர்எதிர். அது பொட்டாசியத்தை உடலிலேயே தக்கவைக்கும். கடுமையான இதயச் செயலிழப்பு கொண்ட 1663 பேரிடம் நடந்த 'ரேல்ஸ்' ஆய்வு 1999-இல் வெளியாகி, இம்மருந்து இறப்பை 30 விழுக்காடு குறைப்பதாகக் காட்டியது. ஆய்வில் பொட்டாசியம் லிட்டருக்கு 5.0 மில்லிமோலுக்கு மேல் இருந்தவர்களையோ சிறுநீரகம் பழுதானவர்களையோ சேர்க்கவில்லை. சேர்ந்தவர்களுக்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை நடந்தது. செய்தி பரவிய வேகத்தில் இந்த நிபந்தனைகள் பின்தங்கிவிட்டன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய ஏசிஇ தடுப்பி வகை இரத்த அழுத்த மருந்து எடுத்துவந்த, இதயச் செயலிழப்பு கொண்ட முதியவர்களில், பொட்டாசியம் மிகுந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994-இல் ஆயிரத்துக்கு 2.4 பேர், 2001-இல் 11 பேர். அதனோடு தொடர்புடைய இறப்பு 0.3-இலிருந்து 2.0 ஆனது. ஸ்காட்லாந்தின் டேசைடு பகுதியிலும் இம்மருந்தின் பயன்பாடு அதே காலத்தில் பெருகியது, ஆனால் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. அங்கே பொட்டாசியப் பரிசோதனைகளும் கூடவே பெருகியிருந்தன. மருந்து ஒன்றுதான், கண்காணிப்புதான் வேறு.

எனவே ஸ்பைரோனோலாக்டோன் தொடங்கினால் ஒரு வாரத்திலும் நான்காவது வாரத்திலும் பொட்டாசியம், கிரியாட்டினின் பார்ப்பது நடைமுறை. உணவு வழியாகவும் பொட்டாசியம் ஏறலாம்: 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. இளநீரிலும் பொட்டாசியம் மிகுதி. மூட்டுவலிக்குக் கடையில் தாமே வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை உப்பைத் தேக்கி நீர் மாத்திரையின் வேலையைக் கெடுப்பதோடு, சிறுநீரகத்தையும் தாக்கும். மருத்துவரிடம் பலர் சொல்ல மறப்பது இவற்றைத்தான்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன் எடை பார்ப்பது எளிய கண்காணிப்பு. மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் நீர் தேங்குகிறது என்று பொருள். வாந்தி, பேதி கண்ட நாட்களில் வழக்கமான மாத்திரையே நோயாளியை வறளச் செய்துவிடும். அந்த நாட்களில் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டுமா என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது.