யாழ்ப்பாணத்திற் சிறுகார்கள்

ஊர்தியின் வரலாறு அதனைச் செய்தவரது வரலாறு மட்டுமன்று. அதனைப் பேணியவரது வரலாறும் ஆகும். உப்புப் பொதிகளை ஏற்றிச் செல்லும் உமணர், வழியிடையே அச்சு முறியுமாயின் யாது செய்வதென முன்னரே எண்ணி, வண்டியின் கீழே மற்றோர் அச்சைக் கட்டிச் செல்வர். இவ்வழக்கத்தைப் புறநானூற்றிலே ஔவையார் பாடலொன்று உவமையாக எடுத்தாள்கின்றது. வண்டியைச் செய்யும் நாடு வேறு, ஓட்டும் நாடு வேறு எனப் பிரிந்துவிட்ட பிற்காலத்திலே அந்த மற்றோர் அச்சு எவர் கையில் இருக்கின்றது என்பது பெருவினாவாகின்றது. இங்கிலாந்திலே சிறு வருவாயினருக்கென ஆக்கப்பட்ட மொறிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய கார்கள் யாழ்ப்பாணத்தை அடைந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய வரலாறு அவ்வினாவுக்கு ஒரு விடை தருவதாகும்.

இவ்வரலாற்றை நோக்குதற்கு அரியாலை ஏற்ற இடமாகும். யாழ்ப்பாண நகரை அடுத்துக் கிழக்கே கிடக்கும் இவ்வூருக்குத் தெற்கிலே கடனீரேரியும், கிழக்கிலே செம்மணி வெளியும், அதற்கப்பால் நாவற்குழிப் பாலமும் உள்ளன. குடாநாட்டைப் பெருநிலத்தோடு இணைக்கும் கண்டி வீதி இவ்வூரினூடாகவே நகரினுட் புகுகின்றது. 1905 ஆம் ஆண்டில் நிறைவெய்திய வடபகுதிப் புகையிரதப் பாதையும் இப்பக்கமாகவே செல்கின்றது. ஆதலின் மாட்டுவண்டியும் திருக்கலும் சென்ற காலந்தொட்டு, பேருந்தும் காரும் பெருகிய காலம்வரை, குடாநாட்டின் போக்குவரத்து மாற்றங்களுட் பெரும்பாலானவற்றை இவ்வீதி கண்டுள்ளது.

சிறுகார் என்னும் கருத்து முதலாம் உலகப் போரின் பின்னர் இங்கிலாந்திலே வலுப்பெற்றது. அக்காலத்திலே கார் செல்வர் வீட்டுப் பொருளாயிருந்தது. ஏனையோர் மோட்டார்ச் சைக்கிளின் பக்கத்தே ஒரு பெட்டியை இணைத்து அதிலே மனைவி மக்களை ஏற்றிச் சென்றனர். அவர்களுக்கு ஏற்றதொரு சிறுகாரை ஆக்குதல் வேண்டுமென ஹேபேட் ஒஸ்ரின் கருதினார். அதற்கான வரைபடங்களை வரைதற்கு அவர் துணைக்கொண்டவர் ஸ்ரான்லி எட்ஜ் என்னும் பதினெட்டு வயது இளைஞர். 1922 இல் வெளிவந்த ஒஸ்ரின் செவன் என்னும் அக்கார் 1939 வரை ஏறத்தாழ 290,000 எண்ணிக்கையிற் செய்யப்பட்டது. நான்கு சில்லும் நான்கு இருக்கையும் கொண்ட உண்மையான காரைச் சிறிய அளவிலே குறைந்த விலைக்குத் தரலாம் என்பதை அது மெய்ப்பித்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அவ்வழியிலே தோன்றியது மொறிஸ் மைனர். இதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 1906 இல் ஸ்மேர்னா நகரிற் பிறந்தவர். மாதிரி வண்டி ஏறத்தாழ முடிவுற்ற நிலையில் அதன் தோற்றம் ஒடுக்கமாயிருக்கக் கண்ட அவர், அதனை நெடுக்குவாட்டில் இரு பாதியாக அறுப்பித்து, இடையே நான்கு அங்குலம் விலக்கிவைத்துப் பார்த்து, அதுவே தக்க அளவெனத் துணிந்தார். முன்மூடியின் நடுவே நீளவாட்டில் ஓடும் தட்டையான பட்டி இவ்வகற்சியின் அடையாளமாகும். நிறுவனத்தின் தலைவராயிருந்த நபீல்ட் பிரபு இவ்வுருவத்தை விரும்பாது, ஓடு நீக்கி வெந்நீரில் அவித்த முட்டை போன்றதென இகழ்ந்தார் என்பர். எனினும் 1948 இல் இலண்டன் மாநகரில் நடைபெற்ற மோட்டார்க் கண்காட்சியிலே அது மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தது. குறைந்த விலையினவாகிய பொருள்கள் அழகற்றனவாகத்தான் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அன்றே தளர்ந்தது. உற்பத்தி 1970 களின் தொடக்கத்தில் நின்றபோது, செய்யப்பட்டவை பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தன.

மொறிஸ் மைனர் பிறந்த 1948 ஆம் ஆண்டே இலங்கை சுதந்திரம் பெற்ற ஆண்டுமாகும். போரினாற் கடன்பட்டிருந்த பிரித்தானியா, தான் செய்யும் கார்களை இயன்றவரை பிறநாடுகளுக்கு விற்றுப் பொருளீட்ட முயன்ற காலம் அது. இலங்கையும் அச்சந்தைகளுள் ஒன்றாயிற்று. இங்கிலாந்திலே வரி உட்பட மொறிஸ் மைனரின் தொடக்க விலை ஏறத்தாழ 358 பவுண். ஒரு பவுண் 13 ரூபா 33 சதமாக இருந்த அந்நாளிலே அத்தொகை ஏறத்தாழ 4,800 ரூபாவுக்குச் சமமாகும். பிரித்தானியத் தொழிலாளியொருவன் எட்டிப் பிடிக்கலாம் என்று எண்ணிய விலை, யாழ்ப்பாணத்திலே மருத்துவர், வழக்கறிஞர், உயர்நிலை அரசாங்க உத்தியோகத்தர், வணிகர் ஆகியோர்க்கே எட்டுவதாயிற்று. ஆங்கே எளியோர் வண்டியாக எண்ணப்பட்டது, ஈண்டு மதிப்புக்குரிய உடைமையாக மாறிற்று. கல்வியால் உயர்ந்து உத்தியோகம் பெற்ற இளைஞன் தன் முன்னேற்றத்தை ஊரார்க்குக் காட்டும் சின்னங்களுள் ஒன்றாகவும் அது விளங்கிற்று.

குடாநாட்டின் நில அமைப்பும் இச்சிறு வண்டிகளுக்கு இயைந்ததாயிருந்தது. இருமருங்கும் கதியால் வேலி நெருங்கிய ஒழுங்கைகளிலே பெரிய அமெரிக்கக் கார்கள் திரும்புதல் அரிது. ஐந்தடி அகலமும் பன்னிரண்டு அடிக்குச் சற்று மேற்பட்ட நீளமும் உடைய மொறிஸ் மைனர் வீட்டுப் படலைவரை சென்றது. சற்றுப் பெரியனவாகிய ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் என்பனவும் இவ்வண்ணமே பரவின. முதல் உரிமையாளர் விற்றுவிட்ட வண்டிகள் வாடகைக் கார்களாயின. மணமக்களை ஏற்றிச் செல்லவும், பிரசவ வேதனையுற்ற பெண்ணை நள்ளிரவிலே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும் அவை உதவின. ஒருவர் உடைமையாக வந்த பொருள், பலர் தேவைக்குரிய பொதுப்பொருளாக மாறிய வகை இதுவாகும்.

வண்டியின் இலக்கத் தகடும் வரலாற்றுச் சான்றாய் நின்றது. 1950 களின் முற்பகுதியில் பதிவுசெய்யப்பட்ட கார்கள் ஈ.எல்., ஈ.என். முதலிய ஆங்கில எழுத்துக்களைத் தாங்கின. 1957 இல் அவற்றுக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ எழுத்து புகுத்தப்பட்டது. தமிழரசுக் கட்சியினர் தமிழ் ஸ்ரீ எழுத்தைத் தகடுகளிற் பொறித்து எதிர்ப்புக் காட்டினர். 1958 இல், புதிதாகத் தேசியமயமான போக்குவரத்துச் சபையின் பேருந்துகள் சிங்கள எழுத்தோடு வடக்குக்கு அனுப்பப்பட்டபோது, அவ்வெழுத்துத் தாரினால் அழிக்கப்பட்டது; தெற்கிலே தமிழ் எழுத்துக்கள் அழிக்கப்பட்டன. 1957 ஜூலையிற் செய்யப்பட்ட பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தம் 1958 ஏப்பிரலிலே கைவிடப்பட்டது. பழைய சிறுகார்களோ தம் ஆங்கில எழுத்துக்களுடன் இப்பூசலுக்கு முற்பட்ட காலத்தின் எச்சமாக ஓடிக்கொண்டிருந்தன.

1960 களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையிலே கார் இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. இங்கிலாந்திலே இசிகோனிஸின் மற்றோர் ஆக்கமாகிய மினி 1959 இல் வெளிவந்து, பத்தடி நீளத்தினுள் நால்வர்க்கு இடமளித்து, இளைஞர் உலகின் அடையாளமாக வளர்ந்தது. யாழ்ப்பாணமோ பெரும்பாலும் முன்னர் வந்த கார்களைக் கொண்டே காலங்கழிக்க நேர்ந்தது.

ஈண்டு மூன்று நாடுகளை ஒப்புநோக்குதல் பயன் தரும். ஜப்பானிலே நிசான் நிறுவனம் 1952 இல் ஒஸ்ரின் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்து, ஏ 40 வண்டிகளையும் பின்னர் ஏ 50 வண்டிகளையும் தன் நாட்டிலேயே பொருத்தியது. பாகங்களைப் படிப்படியாகத் தானே செய்யக் கற்று, அக்கல்வியைக் கொண்டு தன் சொந்தக் கார்களை உலகெங்கும் விற்றது. இந்தியாவிலே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மொறிஸ் மைனரைப் பேபி ஹிந்துஸ்தான் என்ற பெயராலும், மொறிஸ் ஒக்ஸ்போட்டை அம்பாசடர் என்ற பெயராலும் செய்தது. போட்டியின்மையால் அம்பாசடர் பெரிய மாற்றமின்றி 2014 வரை தொடர்ந்தது. இலங்கை இவ்வண்டிகளை முழுமையாக வாங்கிற்று. ஒரே வகைக் காரினின்று ஜப்பான் செய்யக் கற்றது. இந்தியா செய்துகொண்டே இருந்தது. யாழ்ப்பாணம் பழுது பார்க்கக் கற்றது.

இக்கல்வி எளிதில் வந்ததன்று. எனினும் வண்டியின் அமைப்பு அதற்கு இடந்தந்தது. இயந்திரம் சிறிது, முன்மூடியைத் திறந்தால் அதன் உறுப்புக்கள் கைக்கெட்டும் இடத்தில் உள்ளன, சில திறப்புக்களும் பொறுமையும் இருப்பின் அதனைக் கழற்றிப் பூட்டலாம். கடைந்தெடுக்கத்தக்கவை பட்டறையிற் கடைந்தெடுக்கப்பட்டன. ஓடாத வண்டியின் உறுப்பு ஓடும் வண்டிக்கு ஈந்தளிக்கப்பட்டது. உமணர் கட்டிச் சென்ற மற்றோர் அச்சை யாழ்ப்பாணத்துக் கம்மியர் தம் கைத்திறனிலே வைத்திருந்தனர் எனலாம்.

அத்திறனுக்குக் கடுஞ்சோதனை 1990 இல் வந்தது. அவ்வாண்டிலே போர் மீண்டும் மூண்டு, கண்டி வீதி மூடப்பட்டது, புகையிரதம் நின்றது, மின்சாரம் அற்றது, பெற்றோல், பற்றறி முதலிய பல பொருள்கள் தடைசெய்யப்பட்டன. புதிய வண்டிகள் பல முடங்கிக் கிடக்க, பழைய ஒஸ்ரினும் மொறிசும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்திலே மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலின் முதலிற் சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றரிலே விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இப்பழைய இயந்திரங்களின் அமுக்க விகிதம் குறைவாயிருந்தமையால், அவை தாழ்தரமான எரிபொருளையும் ஒருவாறு பொறுத்தன. பற்றறி இல்லாவிடின் முன்புறத்திலே இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்றி இயக்கினர். புகை மிகுந்தது; எரியாத மண்ணெண்ணெய் கசிந்து உராய்வெண்ணெயை நீர்க்கச் செய்தது; தேய்வு விரைந்தது. ஆயினும் நோயாளர் மருத்துவமனையை அடைந்தனர்.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே ஊரைவிட்டு நீங்கினர். கோப்பாய் வழியும், அரியாலையூடாகச் செம்மணி, நாவற்குழி செல்லும் கண்டி வீதியுமே அவர்க்கு வழிகளாயின. மழையிடையே பெரும்பாலோர் நடந்தே சென்றனர். சிலர் மிதிவண்டியிலே மூட்டையைக் கட்டி உருட்டினர். கார்கள் சனநெருக்கத்திலே அடியடியாக நகர்ந்தன. அன்று அவ்வீதியிலே கார் உடையவனுக்கும் இல்லாதவனுக்கும் வேகம் ஒன்றேயாயிற்று.

2002 இல் கண்டி வீதி திறக்கப்பட்டு, 2006 இல் மீண்டும் மூடப்பட்டு, போர் முடிந்த 2009 இன் பின் நிலையாகத் திறந்தது. 2014 இல் புகையிரதமும் யாழ்ப்பாணத்தை மீண்டும் அடைந்தது. புதிய சிறுகார்கள் இப்போது குத்தகைக் கடன் முறையால் இளைஞர் கைக்கு வந்தன. அவற்றுள் மாருதி 800, 1983 இல் இந்தியாவிலே வெளிவந்து அந்நாட்டு நடுத்தரக் குடும்பங்களை முதன்முறையாகக் கார் உடையவராக்கிய பெருமை வாய்ந்தது. ஓர் இலட்சம் இந்திய ரூபாவுக்கு என அறிவிக்கப்பட்டு 2008 இல் அறிமுகமான நனோவோ, உலகின் மலிவான கார் என்ற பெயரே தடையாக, 2018 இல் உற்பத்தி நின்றது. மலிவை விரும்பும் இளைஞன் மலிவானதென்று பிறர் கூறுவதை விரும்புவதில்லை என்னும் உண்மையை, அழகாலும் விலையாலும் ஒருங்கே வென்ற மொறிஸ் மைனர் அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே உணர்த்தியிருந்தது.

2020 இல் இலங்கை அரசு வாகன இறக்குமதியை மீண்டும் நிறுத்தியது. 2025 பெப்ரவரியிலேயே தனியார் கார்களுக்கு வழி திறந்தது. இடைப்பட்ட காலத்திலே பழைய சிறுகார்களின் விலை வாங்கிய விலையினும் உயர்ந்தது. 1960 களின் நிலை வேறு உருவிலே திரும்பியதெனலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இக்காலக் காரின் இயந்திரத்தை ஆள்வது சிறு கணினியாகும். அதன் பிழையை அறிதற்கும் தனிக்கருவி வேண்டும். அது பழுதுறின் மாற்றுவதன்றித் திருத்துதல் அரிது. எரிபொருள் குறைவாகச் செலவாதலும், பாதுகாப்பு மிகுதலும், புகை குறைதலும் அதன் நன்மைகள். எனினும் பொருள் வரும் வழி அடைபடுமாயின், அதன் மற்றோர் அச்சு நம் கையில் இல்லை.

ஆதலின் ஒரு காரின் உண்மை விலை கடையிலே கொடுக்கும் தொகையோடு முடிவதன்று. அது எத்துணைக் காலம் எவர் கைத்திறனால் ஓடும் என்பதும் அவ்விலையுள் அடங்கும். தடைக்காலத்திலே இயந்திரங்களை வாழவைத்த கம்மியர் பெரும்பாலும் நூல் எழுதியவரல்லர். எந்த உறுப்பை எதனாற் செய்தனர், எந்த எண்ணெயை எவ்வளவு கலந்தனர் என்பன அவர் நினைவிலேயே உள்ளன. அவருட் பலர் முதுமை எய்திவிட்டனர். பொறியியல் கற்கும் மாணவரும் வரலாறு கற்கும் மாணவரும் ஒருங்குசேர்ந்து பட்டறைகளுக்குச் சென்று, அவ்வறிவைக் கேட்டெழுதி வைப்பாராயின், அது வருங்காலத்தார்க்கு நாம் கட்டிவைக்கும் மற்றோர் அச்சாகும்.