இரவி வர்மாவும் ஆறுமுகம் பிள்ளையும்

சென்னை எழும்பூரில் உள்ள காட்சிசாலையை அந்நகரத்துப் பொதுமக்கள் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குகளை வைத்துக் காட்டிய தோட்டத்தை 'உயிர்க் காலேஜ்' என்றும் வழங்கி வந்தனர். பெயரிட்டவன் நகைச்சுவை அறிந்தவனே. பாகான் செராயில் புகைவண்டி ஏறித் தைப்பிங் சென்று, 1883 இல் தோன்றிய பேராக் காட்சிசாலையைக் கண்டு மீளும் நம் தோட்டத்து அன்பர்களும் பாடஞ்செய்த விலங்குகளையும் கிரீஸ் கத்திகளையும் பற்றியே வியந்து பேசக் கேட்கின்றோம். அக்கத்தியின் பிடியைச் செதுக்கிய கை எவருடையது, அக்கை அவ்வித்தையை எவரிடம் கற்றது என்று வினவுவார் மிகச் சிலரே. அவ்வினாவையே ஈண்டு ஓர் ஓவியரைக் குறித்து எழுப்புகின்றோம்.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரா ஓவியக் கூடம் 1935 இல் திறக்கப்பெற்றது. இரவி வர்மாவின் ஓவியங்களே அதன் புகழுக்குப் பெருங்காரணம். அவற்றிற்கெனத் தனிக் கட்டடமே 2023 இல் எழுந்தது. இவர் 1848 இல் கிளிமானூரில் பிறந்தவர். திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு உறவுடைய குடியினர். மாமன் இராச இராச வர்மா தஞ்சாவூர் முறையில் ஓவியம் வல்லவர், அவரே முதலாசிரியர். 1862 இல், பதினான்கு வயதுச் சிறுவனை அம்மாமன் திருவனந்தபுரத்து அரண்மனைக்கு அழைத்துச் சென்றார். மன்னர் ஆயில்யம் திருநாள் ஆதரவு தந்தார்.

அரண்மனையில் அந்நாள் ஓவியராய் இருந்தவர் மதுரையைச் சேர்ந்த இராமசாமி நாயக்கர். ஐரோப்பியர் கையாளும் எண்ணெய் வண்ணத்தின் நுணுக்கம் அறிந்தவர். நம்மவர் வழிவழி ஆண்ட வண்ணம் பிசினிற் குழைத்தது, தீட்டியவுடனே உலர்ந்துவிடும். எண்ணெயிற் குழைத்த வண்ணமோ நாட்கணக்கில் ஈரம் காயாது நிற்கும். இருளையும் ஒளியையும் ஒன்றோடொன்று இழைத்து, கன்னத்தின் மென்மையையும் பட்டின் பளபளப்பையும் காட்ட அந்த ஈரமே இடந்தருவது. எந்த எண்ணெய், எவ்வளவு, எந்தப் பூச்சின்மேல் எது என்பனவே தொழிலின் மறை. அம்மறையைச் சிறுவனுக்குச் சொல்ல நாயக்கர் மறுத்துவிட்டார். 1868 இல் வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரும், தாம் தீட்டுவதை அருகிருந்து பார்க்க இசைந்தாரேயன்றி வாய்திறந்து கற்பிக்கவில்லை.

நாயக்கரைப் பழிப்பது எளிது. ஆயின் அரண்மனைச் சோற்றை நம்பிய ஒருவருக்குத் தொழில் மறையே நன்செய் நிலம்; அதனை மன்னரின் உறவினனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தாம் எங்கே போவது? குற்றம் மனிதரினும் பெரிது. கல்வியைக் குடிக்குள்ளும் குலத்துக்குள்ளும் பூட்டி வைத்த வழக்கத்தின் குற்றம் அது. அரச உறவினனுக்கே அடைத்த கதவு, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு எங்ஙனம் திறந்திருக்கும்!

அப்பூட்டைத் திறந்தவர் ஆறுமுகம் பிள்ளை. இவர் நாயக்கரிடமே தொழில் பயின்ற மாணவர். ஆசானுக்குத் தெரியாமல், இரவு வேளைகளில், இரவி வர்மாவுக்கு எண்ணெய் வண்ணத்தின் வழிகளைச் சொல்லித் தந்தார் என்று ஓவியரின் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். ஆசானுக்குச் செய்த துரோகம் என்று இதனைச் சிலர் சொல்லக்கூடும். நாம் அங்ஙனம் கருதவில்லை. அகப்பட்டால் பிழைப்பே போகும் என்றறிந்தும் கற்றதைப் பிறர்க்கு ஈந்தவர் அவர். எனினும், பிறிதொருவர் வாழ்க்கைக் கதையில் ஓரிரு வரிகளாகவே அவர் உயிர் வாழ்கின்றார்.

நம் முன்னோர் பெயரை விரும்பாதவர்; ஆதலின் கலைஞர் பெயர் மறைந்தது என்று ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டோ குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்று சிற்பியின் பெயரைப் பொறித்து வைத்திருக்கின்றது. எழுத வேண்டும் என்று எண்ணியபோது எழுதத்தான் செய்தனர்.

இரவி வர்மாவின் ஏற்றம் விரைவானது. 1873 இல், கூந்தலில் மலர் சூடும் நாயர் மங்கையின் ஓவியம் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் பொற்பதக்கம் பெற்றது. 1893 இல் அவருடைய பத்து ஓவியங்கள் சிகாகோவுக்குச் சென்றன, ஓவியர் செல்லவில்லை. தம்பி இராச இராச வர்மா ஊர்தோறும் உடன் சென்று, மலையும் நீரும் மரமுமாகப் பின்னணிகளைத் தீட்டித் துணைநின்றார். நாட்குறிப்பும் எழுதி வைத்தார். தங்கை மங்களா பாயியும் ஓவியரே. பெயர் ஒன்று, உழைத்த கைகள் பல.

நிற்க. 1894 இல் பம்பாயில் இரவி வர்மா கல்லச்சுக் கூடம் ஒன்றை நிறுவினார். வாணிகத்தில் அவருக்கு நட்டமே. பின்னர் அது ஷ்லைகர் என்னும் ஜெர்மானியர் கைக்குப் போயிற்று. ஆனால் அதனால் விளைந்தது சிறிதன்று. அந்நாளில் திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்டோர் கோயிலுக்குள் நுழைவதிருக்கட்டும், கோயிலைச் சூழ்ந்த தெருவில் நடக்கவும் தடை இருந்தது. 1924 இல் ஈ. வெ. ரா. அவர்கள் சிறை சென்ற வைக்கம் போராட்டம் அத்தெருவுக்காகவே. கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியானது 1936 நவம்பரில். ஓவியக் கூடம் திறந்து ஓராண்டு கழித்தே கோயிற் கதவு திறந்தது! அதற்கும் நாற்பதாண்டுகள் முன்னரே, அச்சிட்ட திருமகளும் கலைமகளும் விலை கொடுத்தார் எவர்க்கும் உரியராய்ப் பெட்டிக்கடைக்கு வந்துவிட்டனர். தெருவில் மறிக்கப்பட்டவன் தன் குடிசைச் சுவரில் அப்படத்தை மாட்டுவதை எந்த அர்ச்சகர் தடுக்கக்கூடும்?

அச்சுப் படம் மூடநம்பிக்கையையும் மலிவாக்கிற்று என்பாருடன் நமக்கு வழக்கில்லை, அதுவும் உண்மையே. இலங்கையிற் பிறந்த ஆனந்த குமாரசாமி இவ்வோவியங்களை நாடகப் பாங்கின என்று குறைகூறினார். அதிலும் நியாயம் உண்டு. எனினும் கிரியானில் கரும்பு வெட்டியும் பிற்பாடு ரப்பர் சீவியும் உழைத்த நம் பாட்டன் பாட்டியரின் லயன் சுவருக்கு இவ்வழி வந்த படங்களைத் தவிர வேறு ஓவியம் எது வந்தது?

அவ்வழியைப் பின்னர்த் தமிழ்நாட்டில் தொடர்ந்தவர் கொண்டைய ராஜு. 1898 இற் பிறந்து சென்னைக் கலைப்பள்ளியிற் பயின்ற இவர், நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதி, கோவிற்பட்டியில் தங்கி, 1976 இல் மறையும்வரை தீட்டிய படங்கள் சிவகாசி அச்சில் நாட்காட்டிகளாய்ப் பெருகின. தம் தொழிலை இவர் பூட்டி வைக்கவில்லை. மாணவர் பலரைச் சேர்த்துக்கொண்டு பகல் வெளிச்சத்திலேயே கற்பித்தார். மளிகைக் கடைக்காரர் ஆண்டுதோறும் இலவசமாய்த் தந்த அப்படங்களை நம்மில் எத்தனையோ வீடுகள் சட்டமிட்டு மாட்டியிருந்தன. பழைய வீடு இடிக்கும்போதோ, தோட்டத்தை விட்டுக் குடிபெயரும்போதோ அத்தகைய படம் ஒன்று கைக்கு வருமாயின், அன்பர்கள் அதன் கீழ் ஓரத்தைத் துடைத்துப் பார்ப்பார்களாக. ஓவியர் கையெழுத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.