இரண்டாம் முறை கல்லானவள்: நவீனத் தமிழ்ப் புனைவில் தொன்மமும் திடீர்த் தெளிவும்

புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ (1943) உச்சம் தொடுவது இரண்டு பெண்களின் பேச்சில். வனவாசம் முடிந்து திரும்பிய சீதை, பட்டதையெல்லாம் அகலிகையிடம் சொல்லிக்கொண்டு வருகிறாள். தீக்குளித்த செய்தியும் அதில் ஒன்றாக வந்து விழுகிறது. ராமன் கேட்டான், இறங்கினேன் என்பதற்கு மேல் சீதையிடம் குறையேதும் இல்லை. துடித்துப்போகிறவள் அகலிகைதான். தன்னைக் கல்லிலிருந்து எழுப்பியவனே தன் மனைவியிடம் சான்று கேட்டிருக்கிறான். அந்த ஒரு கணத்தில் அவள் பெற்ற விமோசனம் பொருளற்றுப்போகிறது. கடைசியில் கணவன் கோதமன் அணைக்க வரும்போது மறுபடி கல்லாகிறாள்.

சாதாரணப் பேச்சோ காட்சியோ ஒரு வாழ்வின் முழு உண்மையையும் சட்டென்று திறந்து காட்டுவதை ஜேம்ஸ் ஜாய்ஸ் ஒரு கலைக் கொள்கையாகவே வகுத்தார். ‘டப்ளினர்ஸ்’ (1914) கதைகள் பலவும் அப்படிப்பட்ட கணத்தில்தான் முடிகின்றன. அவரே ‘யுலிஸிஸ்’ (1922) நாவலில் ஹோமரின் காவியத்தை ஒரு நாள் நகர வாழ்க்கைக்கு அடிச்சட்டமாக்கினார். தொன்மத்தை இப்படிக் கையாள்வதே சிதறிக்கிடக்கும் நவீன வாழ்வை ஒழுங்குபடுத்தும் வழி என்று 1923இல் டி. எஸ். எலியட் எழுதினார். இவற்றைப் படித்துத்தான் தமிழில் இந்த உத்தி வந்தது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்தக் கொள்கையை ஜாய்ஸ் விளக்கியிருக்கும் ‘ஸ்டீபன் ஹீரோ’ அச்சேறியதே 1944இல். ‘சாபவிமோசனம்’ அதற்கு முந்தையது. வேறுபாடு அதைவிட முக்கியமானது. ஜாய்ஸின் நாயகனுக்குத் தான் ஒரு காவியத்துக்குள் நடமாடுவது தெரியாது. புதுமைப்பித்தனிடம் தெளிவு தொன்மப் பாத்திரத்துக்கே வாய்க்கிறது. அந்தத் தெளிவே தொன்மத்தை உடைக்கிறது.

இந்த உடைப்பு ஒரே வீச்சில் நிகழ்ந்ததல்ல. 1934இல் அவர் எழுதிய ‘அகல்யை’யில் புரிந்துகொள்பவன் கோதமன். சந்தர்ப்பத்தால் கெட்டது உடல்தான், மனம் அல்ல என்று உணர்ந்து சபிக்காமல் விடுகிறான். பரிவு மிகுந்த கதைதான். ஆனால் தீர்ப்பு ஆணின் கையில் இருக்கிறது. ஒன்பதாண்டுகளில் அந்த அறிதல் அகலிகைக்கு இடம் மாறியதையே தமிழ்ச் சிறுகதையின் பெரிய திருப்பங்களில் ஒன்றாக நான் கருதுகிறேன். இந்த இடைவெளியில் மௌனியின் ‘அழியாச்சுடர்’ (1937) வருகிறது. அதில் புராணக் கதை எதுவும் இல்லை. கோயில் தூணின் யாளி உயிர்கொண்டு முறைக்கும் ஒரு கணம் இருக்கிறது, அவ்வளவே. தொன்மத்திலிருந்து கதையை நீக்கி அச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டார் மௌனி.

இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் இவ்விருவரும் எழுதிய ‘மணிக்கொடி’ இதழோடு நின்றுவிடுகிறார்கள். திருப்பூரின் மண்ணரை முதலான நொய்யல் கரையூர்களிலிருந்து பார்த்தால் இன்னொரு தடமும் தெரிகிறது. பனியன் கம்பெனிகள் வருமுன்பே இந்தக் கொங்குச் சீமையில் தொன்மம் உடுக்கடிப் பாட்டில் வாழ்ந்தது. மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் பதிவுசெய்த அண்ணன்மார் சாமி கதை, பங்காளிப் பகையும் நிலப் பூசலும் நிறைந்தது. அதில் வரப்போவதைக் கனவில் காண்பவள் தங்கை. படுகளத்தில் மாண்டு கிடக்கும் அண்ணன்மாரை எழுப்புபவளும் அவளே. இன்றும் சடங்கில் மாண்டவர்களாய் விழுந்து கிடப்பவர்கள் எழுப்பப்படுகிறார்கள்.

தாராபுரம் வட்டத்துக் கீரனூர்க்காரரான ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) இதே நிலப் பூசலைத்தான் பேசுகிறது. விதவை நாகம்மாள் கொழுந்தன் சின்னப்பனிடம் பங்கு கேட்கிறாள். தூண்டிவிட ஆள் இருக்கிறது, கெட்டியப்பன் துணை நிற்கிறான். பங்கு என்ற ஒரே நினைப்பில் போகிறவளுக்கு முன்கூட்டி எதுவும் தெரிவதில்லை. சின்னப்பன் கொலையோடு நாவல் நின்றுவிடுகிறது. வட்டாரப் பேச்சும் யதார்த்தமும் மட்டுமே இந்நாவலின் சிறப்பென்று சொல்லி வந்திருக்கிறோம். அண்ணன்மார் கதையை அருகில் வைத்துப் படித்தால் ஆசிரியர் எதை விலக்கினார் என்பது விளங்கும். கனவு இல்லை, எழுப்புதலும் இல்லை. தொன்மம் தந்த இரண்டு ஆறுதல்களும் இல்லாமலே அவர் கதையை நடத்தியிருக்கிறார். சண்முகசுந்தரத்தைக் கிராமிய எழுத்தாளர் வரிசையில் மட்டும் வைக்காமல், புதுமைப்பித்தனோடும் மௌனியோடும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் வாதிடுவது இதனால்தான்.